பழைய மோட்டார் எஞ்சினும் பாதுகாப்புப் பூச்சும்



சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறி வாழும் நம்மில் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடமும், இரும்புத் தோசைக்கல்லும், தையல் இயந்திரமும் புதிய ஊரின் காற்றுக்கும் நீருக்கும் ஆட்பட்டு, சில ஆண்டுகளிலேயே நிறம் மாறிவிடுகின்றன. நான் அலுவல் நிமித்தம் வாழ்ந்துவரும் திருவனந்தபுரத்தில் இந்த மாற்றம் மிக விரைவாகவே நிகழ்கிறது. நகரத்தின் மேற்கே அரபிக் கடல். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்து சிறிது காலம் செல்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து சேருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களிலும் காற்றில் ஈரமும் உப்பும் நீங்குவதில்லை. வாசலில் அடித்த ஓர் ஆணி ஒரு மழைக்காலத்திலேயே சிவந்துவிடும் ஊர் இது.

இத்தகைய ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மோட்டார் வண்டி ஒன்றைப் பேணிக் காப்பது எவ்வாறு? அதிலும், எஞ்சினின் பாகங்களுக்கு நீடித்து நிற்கும் பாதுகாப்புப் பூச்சினை வீட்டிலேயே பூசிக்கொள்ள இயலுமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய வண்டிகளிடம் பற்றுக் கொண்டோர் இந்நகரத்தில் என்றும் இருந்து வந்திருக்கின்றனர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவர்கள் 1950களைச் சேர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் வண்டி ஒன்றைப் பல பத்தாண்டுகள் பேணி வந்ததை இவ்வூரார் நன்கு அறிவர். 2013இல் அவர் மறையும் வரையில் அந்த வண்டி பட்டம் அரண்மனையின் பெருமைக்குரிய பொருள்களுள் ஒன்றாகவே விளங்கிற்று. அரண்மனை வண்டிக்குப் பணியாட்கள் இருந்தனர். நம்மைப் போன்றோருக்கு நம் கைகளே துணை.

என் வீட்டில் இருப்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் தந்தையார் திருநெல்வேலியில் பணியாற்றிய காலத்தில் வாங்கியது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு வண்டியின் வடிவத்தை வகுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலாட்டி. அதே வண்டியைச் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் நம் நாட்டிலேயே தயாரித்து வழங்கியது. இதன் முகப்பு முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். வீட்டில் வேலை செய்ய விரும்புவோருக்கு இதைக் காட்டிலும் வசதியான அமைப்பு அரிது.

முப்பது ஆண்டுகள் ஓடிய பின் அவ்வண்டி ஊரில் கொட்டகையில் நின்றுவிட்டது. தந்தையார் முதுமையுற்று எங்களுடன் வந்து தங்கியபோது வண்டியும் லாரியில் ஏறி இங்கு வந்தது. அதனை ஓட்டி ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நான் உற்சாகத்துடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைத் துணியால் துடைத்து, கடையில் வாங்கிய பச்சை எனாமலைத் தடிப்பாகப் பூசிவிட்டேன். மாலையில் அது கண்ணாடிபோல் மின்னிற்று. ஆனால் தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் டேப்பட் கவரின் மேலிருந்த பூச்சு கொப்பளித்தது. சைலன்சர்க் குழாயை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் அது கருகிப் புகைந்தது. தந்தையாருக்குப் பார்வை மங்கிவிட்டது. எனினும் விரலால் தடவிப் பார்த்து, உரிந்த செதில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் அடிப்புறத்தில் எண்ணெயும் துருவும் ஒட்டியிருந்தன. "பூசியிருக்கிறாய்; துடைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செதிலில் இருந்த பாடத்தைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். பூச்சின் ஆயுள் டப்பாவில் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் பரப்பில் இருக்கிறது.

துரு என்பது யாது? இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடும்போது நிகழும் மின்வேதியியல் மாற்றமே அது. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், கடற்கரையில் இம்மாற்றம் விரைவுபடுகிறது. அலுமினியத்தின் மீது தோன்றும் படலம் நெருக்கமாக ஒட்டி நின்று அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் மேலும் உள்ளே அரிக்கிறது. அன்றியும், துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே உள்ள பூச்சை நெம்பித் தள்ளிவிடுகிறது. துருவின் மேல் பூசிய பூச்சு உரிவதற்கு இதுவே காரணம். உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே நம் தமிழ்நாட்டில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. அந்நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றுக்கு ஆட்படுத்தி ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

டெல்லியில் வாழும் நேயர்கள் மெஹ்ரௌலியில் உள்ள இரும்புத் தூணைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கும் அத்தூண் பெரிதும் துருவால் அழியவில்லை. அதன் இரகசியத்தைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் விளக்கினார். பழங்காலக் கொல்லர்கள் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கியிருந்தது. அது காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து, இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்றை உண்டாக்கிக் காத்து நிற்கிறது. டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை செய்கிறது. இரும்பின் மீது பாஸ்பேட் படலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் முறைக்கு 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பார் காப்புரிமை பெற்றார். இன்று தொழிற்சாலைகளில் மோட்டார் வண்டிகளின் தகடுகளுக்குப் பெயிண்ட் பூசுமுன் பாஸ்பேட் படலம் ஏற்றுவது நெடுங்கால வழக்கம். அதே தத்துவத்தை நாமும் சிறிய அளவில் வீட்டில் பயன்படுத்தலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில், எவற்றைப் பூசலாம், எவற்றைப் பூசலாகாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டேப்பட் கவர், டைமிங் கவர், ஆயில் சேம்பரின் வெளிப்புறம், ஏர் கிளீனர் கூடு, விசிறி, புல்லி, எஞ்சின் பிளாக்கின் வெளிப்புறம் ஆகியவற்றைப் பூசலாம். ஆயில் சேம்பரின் உட்புறத்தையும், கேஸ்கெட் அமரும் பரப்புகளையும், மரைகளையும், பேரிங் பொருந்தும் இடங்களையும், ரப்பர்ப் பாகங்களையும் பூசவே கூடாது. உட்புறத்தில் பூசிய பூச்சு பிற்காலத்தில் உரிந்து ஆயிலோடு கலந்தால், ஆயில் பம்பின் சல்லடையை அடைத்து எஞ்சினையே பாழாக்கிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளின் மீது தடிப்பாகப் பூசினால், உஷ்ணம் வெளியேறுவது குறைந்துபோகும். பிரேக் சம்பந்தமான எந்தப் பாகத்தையும் இவ்வேலையில் தொடாதிருப்பதே அறிவுடைமை.

இரண்டாவதாக, எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்பும் எஃகும் இழுக்கும். அலுமினியமும் பித்தளையும் இழுக்கமாட்டா. ஹெரால்டு எஞ்சினில் பிளாக்கும் அதன் மேலுள்ள ஹெட்டும் வார்ப்பிரும்பே. வேறு பல வண்டிகளில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஆதலால் அலுமினியப் பாகங்களின் அருகில் அதனைக் கொண்டுவரலாகாது.

மூன்றாவது, எண்ணெய்ப் பசையைப் போக்குதல். பாகத்தைக் கழற்றி, முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுக. பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி தரையோடு ஊர்ந்து சென்று, அடுத்த அறையிலுள்ள அடுப்பிலும் தீப்பற்றக்கூடும். மண்ணெண்ணெய் கழுவியதோடு வேலை முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டா. அதுவும் ஒரு மெல்லிய பசையை விட்டுச் செல்கிறது. ஆகவே இரும்புப் பாகங்களைச் சலவை சோடா கரைத்த வெந்நீரிலும், அலுமினியப் பாகங்களைச் சோப்பு நீரிலும் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

பரப்பு சுத்தமாயிற்றா என்று அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல் நீர் முத்து முத்தாகத் திரண்டால், எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். முழுப் பரப்பிலும் விடாமல் ஒரே படலமாகப் படர்ந்து நின்றால் சுத்தமாகிவிட்டது. முத்துத் திரளாமல் நீர் படரும் வரையில் மீண்டும் மீண்டும் கழுவுக. நான் முதல் முறை செய்யாமல் விட்டது இந்தச் சோதனையைத்தான்.

நான்காவது, துருவையும் பழைய பெயிண்ட்டையும் அகற்றுதல். முதலில் கரடான உப்புத்தாளும், பின்னர் நயமான உப்புத்தாளும் கொண்டு தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். இவ்விரண்டின் தூளும் மூச்சில் சேர்ந்தால் பெருந்தீங்கு. உலர்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரமாக்கித் தேய்த்து, தூளைக் கந்தலில் துடைத்துக் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இவ்வேலையைச் செய்யலாகாது.

ஐந்தாவது, பாஸ்பேட் படலம் ஏற்றுதல். தேய்த்த இரும்பின் மீது, கடைகளில் துரு நீக்கி என்ற பெயரில் விற்கப்படும் நீர்த்த பாஸ்பாரிக் அமிலக் கரைசலைப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். சற்று நேரத்தில் இரும்பு மங்கிய சாம்பல் நிறம் பெறும். பிறகு அதனைக் கழுவுவதா, துடைத்து உலர்த்துவதா என்பதைப் புட்டியின்மேல் எழுதியுள்ளபடி செய்க. அடர்ந்த அமிலமே கையில் கிடைத்து அதனை நீர்க்க வேண்டியிருப்பின், அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரை ஒருபோதும் அமிலத்தில் ஊற்றாதீர்கள். ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிவது கட்டாயம். மெஹ்ரௌலித் தூணைக் காக்கும் அதே வகைப் படலம் இப்போது உங்கள் டேப்பட் கவரின் மேலும் மெல்லியதாய்ப் படிந்திருக்கும்.

சுத்தம் செய்த இரும்பை நாளைக்கு என்று ஒதுக்கி வைக்கக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் காலையில் தேய்த்து மினுக்கிய இரும்பு மாலைக்குள் மஞ்சள் படிந்துவிடும். உலர்ந்தவுடன், அன்றைக்கே, ப்ரைமர் ஏற வேண்டும். நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 85க்கு மேற்பட்ட நாளில் பூசலாகாது என்பது தொழில் வல்லுநர் கொள்ளும் பொது விதி. திருவனந்தபுரத்தில் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. பனி உலர்ந்த பின் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுவது நலம். கொல்கத்தா, மும்பை போன்ற ஈரமான நகரங்களில் வாழ்வோருக்கும் இது பொருந்தும்.

பெயிண்ட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். எந்தப் பெயிண்ட்டிலும் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு: நிறத்தையும் மறைப்பையும் தரும் தூள், அதனைப் பிணைத்து நிறுத்தும் பிசின், இரண்டையும் இளக்கித் தந்துவிட்டு ஆவியாகும் திரவம். வெண்மைக்கு உலகெங்கும் பயன்படும் தூள் டைட்டானியம் டையாக்சைடு. இந்த விஷயத்தில் எங்கள் நகரத்துக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறாவிலும் கடற்கரை மணல் கருமையாக இருக்கும். அக்கருமைக்குக் காரணம் அதிலுள்ள இல்மனைட் என்னும் கனிமம். அந்தக் கனிமத்திலிருந்து தூய வெண்தூளைப் பிரித்தெடுப்பதற்காக 1946இல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் தொழிற்சாலை நகரின் ஓரத்தில், கொச்சுவேளிக் கடற்கரையில் இருக்கிறது.

ஆனால் எஞ்சினைப் பொறுத்தவரை, தூளைக் காட்டிலும் பிசினே முக்கியம். உஷ்ணத்தைத் தாங்க வேண்டியது அதுதான். ஓடும் எஞ்சினின் பிளாக் வெளிப்புறத்தில் ஏறத்தாழ 80 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். இதற்கு எஞ்சின் எனாமல் என்று தனியே விற்கப்படும் பூச்சு போதும். கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசும் எனாமல் போதாது. மேனிஃபோல்டோ 500 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடியது. அதற்குச் சிலிகோன் பிசினும் அலுமினியத் தூளும் கலந்த உஷ்ணந்தாங்கும் பெயிண்ட் மட்டுமே நிற்கும். அதனைப் பெரும்பாலும் ப்ரைமர் இன்றியே பூசுவர். டப்பாவின்மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்க வேண்டா.

இரும்புக்குத் துத்தநாக பாஸ்பேட் கலந்த ப்ரைமரும், அலுமினியத்துக்கு எட்ச் ப்ரைமரும் ஏற்றவை. எனாமலின் உஷ்ணத்துக்குப் பொருந்தும் ப்ரைமர்தானா என்று கேட்டு வாங்குக. மரைகளையும் கேஸ்கெட் பரப்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிக்கொண்டு, முதலில் ப்ரைமரும், அதன் மேல் எனாமல் மெல்லியதாக இரண்டு மூன்று தடவையும் பூசுக. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் டப்பாவில் குறித்த நேரம் பொறுத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு தலைமயிரின் கனம் இருந்தால் போதும். தடிப்பாகப் பூசினால், மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே அகப்பட்ட திரவம் சூட்டில் ஆவியாகிக் கொப்பளிக்கும். என் முதல் முயற்சியில் எழுந்த கொப்பளங்களுக்கு எண்ணெய்ப் பசை ஒரு காரணமென்றால் இது மற்றொரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். ஹார்டனர் கலந்து பூசும் சிலவகைப் பாலியூரித்தேன் பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் உண்டு. அதனைத் தெளிக்கும்போது மூச்சில் சென்றால் தீராத ஆஸ்துமா ஏற்படலாம். சாதாரண முகமூடி அதனைத் தடுக்காது. அவ்வகைப் பூச்சையும், குரோமிய முலாம் பூசுதலையும், பவுடர் கோட்டிங்கையும் தக்க வசதியுள்ள பட்டறையிடம் விட்டுவிடுவதே முறை. வீட்டில் எல்லாம் செய்யலாம் என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை.

பூச்சு இறுகுவதற்குக் காலம் தர வேண்டும். எஞ்சின் எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்தாலும், முழுவதும் இறுக ஒரு வாரம் ஆகலாம். சிலிகோன் பெயிண்ட்டோ உஷ்ணத்தால்தான் இறுகும். சமையலுக்குப் பயன்படும் அடுப்புப் பெட்டியில் அதனை ஒருபோதும் வைக்கலாகாது. பாகத்தை எஞ்சினில் பொருத்தி, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, முதலில் பத்து நிமிடம், ஆறியபின் இருபது நிமிடம், மீண்டும் ஆறியபின் அரை மணி என்று படிப்படியாக ஓடவிட்டால் போதும். அப்போது சிறிது புகை எழும், அஞ்ச வேண்டா. மூடிய கொட்டகையில் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். எண்ணெய் தோய்ந்த கந்தல்களை மூலையில் குவித்து வைப்பதும், கழிவைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடா.

வண்டியை முறையாகப் பதிவு செய்ய விரும்புவோர்க்கு மற்றொரு செய்தி. முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதிகள் வகுத்தது. இதற்கு 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட தனி வரிசை எண் உண்டு. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அவ்விதிகளில் குறிக்கப்பட்டது. அடிச்சட்டத்திலும், உடற்பகுதியிலும், எஞ்சினிலும் பெரும் மாற்றம் செய்யப்படாதிருத்தல் வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. இவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. பழைய எஞ்சினையே காத்து வைப்பது எவ்வளவு பயனுள்ளது என்பது இதனால் விளங்கும். பிளாக்கில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணைத் தடித்த பூச்சால் மூடிவிடாதீர்கள். அந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் மறைத்து, பின்னர் மிக மெல்லியதாக ஒரு தடவை மட்டும் பூசுக.

இரண்டாம் முறை நான் இந்த வேலையைத் தொடங்கியபோது சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பொருள்களில் பெயிண்ட் சிறு பங்கே. உப்புத்தாளும், பிரஷ்ஷும், சலவை சோடாவும், மண்ணெண்ணெயுமே பெரும் பங்கு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கழுவுவதிலும் தேய்ப்பதிலும் சென்றன. பூசுவதற்கு இரண்டு பகற்பொழுதுகளே ஆயின. அந்தச் சேம்பரையும் கவரையும் தந்தையார் ஒவ்வொரு வாரமும் விரலால் தடவிப் பார்த்து, இங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது, இந்த மூலையில் சொரசொரப்பு இருக்கிறது என்று திருப்பித் தருவார். கண் காணாத இடத்தை அவர் விரல் கண்டது. இரு பருவமழைகள் கடந்துவிட்டன; பூச்சு உரியவில்லை. கடந்த மாசியில், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலி வரை அவரை முன்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் சென்றேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி முகப்பைத் திறந்தபோது அவரும் இறங்கி வந்தார். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, டேப்பட் கவரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் அமர்ந்துகொண்டார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இவ்வாறு நின்றுபோன வண்டி ஒன்று இருக்கலாம். வண்டி இல்லாவிடில், ஊரிலிருந்து வந்த ஒரு தையல் இயந்திரமோ தண்ணீர் பம்போ இருக்கலாம். முறை ஒன்றே. டப்பாவைத் திறக்குமுன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது படலமாகப் படரும்வரை பொறுத்திருங்கள்.